கட்சி இல்லாத இளைஞருக்கு ஆளுநர் நாற்காலி எட்டுமா?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க மாநிலங்களில் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் வெளியே நின்று ஆளுநர் பதவியைப் பிடித்தவர்கள் ஏழே பேர். மெய்ன் மாநிலத்தில் 1974இல் ஜேம்ஸ் லாங்லி, 1994இல் ஆங்கஸ் கிங். அலாஸ்காவில் 1990இல் வால்டர் ஹிக்கல், 2014இல் பில் வாக்கர். கனெக்டிகட்டில் 1990இல் லோவல் வைக்கர், மினசோட்டாவில் 1998இல் ஜெஸ்ஸி வென்ச்சுரா, ரோட் ஐலண்டில் 2010இல் லிங்கன் சாஃபி. சிலர் முழுச் சுயேச்சைகள், சிலர் அந்தத் தேர்தலுக்கென்றே முளைத்த அல்லது தூசு தட்டி எடுத்த சிறு கட்சிகளின் பெயரில் நின்றவர்கள். ஜெயித்த அன்று லாங்லிக்கும் கிங்குக்கும் வயது 50. சாஃபிக்கு 57, வைக்கருக்கு 59, வாக்கருக்கு 63, ஹிக்கலுக்கு 71. எல்லோரிலும் இளையவர் வென்ச்சுரா. அவருக்கே 47.

அதே நாட்டில் ஹரால்ட் ஸ்டாசன் 1938இல் மினசோட்டா ஆளுநராகத் தேர்வானபோது அவருக்கு 31 வயது. பில் கிளிண்டன் 1978இல் ஆர்கன்சாவில் ஜெயித்தது 32 வயதில். இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த பாபி ஜிண்டால் 2007இல் லூசியானாவைப் பிடித்தபோது 36. இன்னும் பின்னோக்கிப் போனால், 1835இல் மிச்சிகன் மக்கள் ஸ்டீவன்ஸ் மேசனை ஆளுநராகத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு 24 நிரம்பச் சில வாரங்கள் பாக்கி இருந்தன. இவர்கள் அத்தனை பேரும் கட்சிக்காரர்கள். ஆக, இளைஞர் ஆளுநராக முடிகிறது, கட்சி இல்லாதவரும் ஆக முடிகிறது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் மட்டும் கதவு திறப்பதில்லை. போருக்கு முந்திய காலத்தில் இதற்கு அருகில் வந்தவர் விஸ்கான்சினின் ஃபிலிப் லா ஃபாலெட். 1934இல் முற்போக்குக் கட்சியின் பெயரில் 37 வயதில் ஜெயித்தார். ஆனால் அவர் அதற்கு முன்பே குடியரசுக் கட்சியில் இருந்து ஒருமுறை ஆளுநராக இருந்தவர். அவருடைய தந்தை ராபர்ட் லா ஃபாலெட் அதே மாநிலத்தின் ஆளுநராகவும் செனட்டராகவும் இருந்து, 1924இல் ஜனாதிபதித் தேர்தலிலும் நின்றவர். அந்தக் குடும்பப் பெயரே அங்கே ஒரு கட்சிக்குச் சமம்.

நம் ஊரில் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார் என்பதால் தமிழ் வாசகருக்கு இந்தப் போட்டியின் கனம் உடனே பிடிபடாமல் போகலாம். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்ஜெட் முன்மொழிவதும் மசோதாக்களைத் தடுப்பதும் துறைத் தலைவர்களை அமர்த்துவதும் அவர் வேலை. அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு நெருக்கமானவர். ஒரு பெரிய வித்தியாசம், அவருக்குச் சட்டமன்றப் பெரும்பான்மை தேவையில்லை. சட்டமன்றத்தில் ஒரு உறுப்பினர்கூட இல்லாதவர் மாநிலத்தின் தலைமை நிர்வாகியாகிவிடலாம். தனியாள் ஒருவருக்கு ஆசை வருவதே இந்த அமைப்பினால்தான்.

வயதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? பெரும்பாலான மாநிலங்களில் ஆளுநராக 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஓக்லஹோமா மட்டும் ஏனோ 31 என்கிறது. மினசோட்டாவிலும் இல்லினாயிலும் 25. கலிஃபோர்னியா, ஒஹையோ, விஸ்கான்சின் போன்ற இடங்களில் ஓட்டுரிமை வயதான 18 போதும். வெர்மான்ட்டின் அரசியல் சாசனம் வயதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு 2018இல் 14 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் நின்றான். தனக்கே ஓட்டுப் போட முடியாத வேட்பாளர். அதே ஆண்டு கேன்சசிலும் பள்ளி மாணவர்கள் சிலர் இப்படியே களமிறங்கினார்கள். செய்தித்தாள்கள் சிரித்துக்கொண்டே எழுதின, கேன்சஸ் சட்டமன்றம் சிரிக்காமல் வயது வரம்பு கொண்டுவந்தது. கவனிக்க வேண்டியது வேறு. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர்கூட இரண்டில் ஒரு கட்சியின் உட்கட்சித் தேர்தலைத்தான் தேடிப் போனார்கள். சுயேச்சையாக நிற்பது எவ்வளவு சுமை என்பது பள்ளி மாணவனுக்கும் தெரிந்திருக்கிறது.

அந்தச் சுமையின் முதல் மூட்டை கையெழுத்து. கட்சி வேட்பாளர் உட்கட்சித் தேர்தலில் ஜெயித்தால் அவர் பெயர் தானாக நவம்பர் வாக்குச்சீட்டில் ஏறிவிடும். சுயேச்சை, பதிவு பெற்ற வாக்காளர்களிடம் மனுவில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாக வேண்டும். எத்தனை என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிற விதம் விசித்திரமானது. டென்னசியில் 25 போதும், ஒரு கல்யாண வீட்டில் வாங்கி முடித்துவிடலாம். வெர்மான்ட்டில் 500, ரோட் ஐலண்டில் 1,000, மினசோட்டாவில் 2,000, மெய்னில் 4,000. வர்ஜீனியாவில் 10,000, அதிலும் ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதியிலிருந்தும் குறைந்தது 400 வர வேண்டும். இல்லினாயில் பெரிய கட்சிக்காரர் உட்கட்சித் தேர்தலில் நிற்க 5,000 கையெழுத்துக் கொடுத்தால் போதும், சுயேச்சைக்கு 25,000. நியூயார்க் 2020இல் தன் விதியை மாற்றி 15,000 என்றிருந்ததை 45,000 ஆக்கியது. அதை ஆறே வாரத்தில் திரட்ட வேண்டும். விளைவு உடனே தெரிந்தது. 2022 ஆளுநர் தேர்தலில் வாக்குச்சீட்டில் இரண்டே வேட்பாளர்கள். இவ்வளவு பெரிய மாநிலத்தில் அப்படி நடந்து எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்தது.

டெக்சாஸ் இன்னும் நுணுக்கமானது. முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் ஒரு சதவீதம் அளவுக்குக் கையெழுத்து வேண்டும். 2006இல் அது 45,540. உட்கட்சித் தேர்தல் முடிந்த மறுநாள்தான் வாங்கத் தொடங்கலாம், அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்ட எவரும் கையெழுத்திடக் கூடாது. அரசியலில் அக்கறை உள்ளவர்கள் உட்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டிருப்பார்கள். அக்கறை இல்லாதவர்களிடம் போய்த்தான் சுயேச்சை நிற்க வேண்டும். நாட்டுப்புறப் பாடகரும் துப்பறியும் நாவலாசிரியருமான கிங்கி ஃப்ரீட்மன் அந்த ஆண்டு தேவையைப் போல மூன்று மடங்குக்கு மேல் கையெழுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாநிலக் கணக்குத் துறைத் தலைவர் கரோல் ஸ்ட்ரேஹார்னும் சுயேச்சையாக வந்தார். முடிவில் ஸ்ட்ரேஹார்னுக்கு 18 சதவீதம், ஃப்ரீட்மனுக்கு 12 சதவீதம். வெறும் 39 சதவீதம் வாங்கிய ரிக் பெரி பதவியில் தொடர்ந்தார்.

கையெழுத்து வாங்குவது என்றால் என்ன என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். மளிகைக் கடை வாசல், நூலகத்தின் படிக்கட்டு, வாரச் சந்தை. அட்டையில் செருகிய படிவம், அதில் பத்திருபது வரிகள். அச்செழுத்தில் பெயர், கையெழுத்து, வீட்டு முகவரி, தேதி. அடியில், இவர்கள் என் கண்முன் கையெழுத்திட்டார்கள் என்று படிவத்தைச் சுமந்தவரின் உறுதிமொழி. வாக்காளர் பட்டியலில் பழைய முகவரி இருந்தால் அந்த வரி செல்லாது. அடுத்த மாநிலத்துக்காரர் ஆர்வத்தில் போட்டிருந்தால் செல்லாது. ஒருவரே இரண்டு இடத்தில் போட்டால் ஒன்று செல்லாது. கிறுக்கல் புரியாவிட்டால் செல்லாது. மெய்னில் ஒவ்வொரு ஊரின் பதிவாளரும் அந்தந்த ஊர்க்காரர்களின் கையெழுத்தைச் சரிபார்த்துச் சான்று தர வேண்டும். ஒரே படிவத்தில் நாலு ஊர்க்காரர்கள் கையெழுத்திட்டிருந்தால் அது நாலு அலுவலகம் ஏறி இறங்க வேண்டும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் தேவைக்கு ஒன்றரை மடங்காவது சேர்க்கிறார்கள். காசு இருப்பவர் இந்த வேலைக்கென்றே இருக்கும் நிறுவனங்களை அமர்த்திக்கொள்கிறார். இல்லாதவர் வசந்த காலம் முழுவதையும் வாசல்களில் நின்றே கழிக்கிறார். எதிராளி அந்த மாதங்களில் நிதி திரட்டிக்கொண்டிருப்பார்.

நீதிமன்றங்கள் இதில் அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. 1970இல் ஜார்ஜியாவில் ஆளுநர் பதவிக்கு நிற்க முயன்றவர் சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சியின் லிண்டா ஜென்னஸ். முப்பதை ஒட்டிய வயது. பதிவு பெற்ற வாக்காளர்களில் ஐந்து சதவீதம் பேரின் கையெழுத்து வேண்டும் என்றது மாநிலச் சட்டம். அவர் தொடுத்த வழக்கில், வாக்காளரிடையே ஓரளவு ஆதரவு இருப்பதைக் காட்டும்படி கேட்பது நியாயமே என்று 1971இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. அந்தத் தேர்தலில் ஜெயித்தவர் ஜிம்மி கார்ட்டர். கதவை எவ்வளவு குறுக்கலாம் என்று மாநிலங்களுக்குத் தைரியம் கொடுத்தது அந்தத் தீர்ப்பு. அரை நூற்றாண்டு கழித்தும் ஜார்ஜியா அந்தத் தைரியத்தை இழக்கவில்லை.

இங்கே பலரும் ஒரு அவசர முடிவுக்கு வருகிறார்கள். கையெழுத்து எண்ணிக்கையைக் குறைத்தால் இளம் சுயேச்சைகள் வந்துவிடுவார்கள் என்பது அது. டென்னசியைப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிலைக்காது. 2018இல் அங்கே ஆளுநர் பதவிக்கு 26 சுயேச்சைகள் நின்றார்கள். கடுமையான கட்சிப் பதிவு விதியால் தங்கள் கொடியில் நிற்க முடியாத லிபர்ட்டேரியன் என்ற சிறு கட்சிக்காரர்கள் பலர் அதில் அடக்கம். 26 பேரும் சேர்ந்து வாங்கிய ஓட்டு இரண்டு சதவீதத்தைத் தொடவில்லை. 45,000 கேட்கும் நியூயார்க்கிலும் 25 கேட்கும் டென்னசியிலும் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான். வாசலைத் தாண்டியவுடன் வேறொன்று வழிமறிக்கிறது.

அது என்ன என்பதற்கு வென்ச்சுராவின் 1998 தேர்தலைவிட நல்ல பாடம் இல்லை. தொழில்முறை மல்யுத்த வீரர், பிறகு வானொலி அறிவிப்பாளர், இடையில் புரூக்லின் பார்க் என்ற புறநகரின் மேயர். எதிரே குடியரசுக் கட்சியின் செயின்ட் பால் மேயர் நார்ம் கோல்மன், ஜனநாயகக் கட்சியின் சார்பில் முன்னாள் துணை ஜனாதிபதியின் மகன் ஸ்கிப் ஹம்ஃப்ரி. வென்ச்சுரா கோமாளித்தனத்தால் ஜெயித்தார் என்று எழுதுவோர் உண்டு. அது சோம்பேறித்தனமான விளக்கம். மூன்று விஷயங்கள் அவருக்கு அமைந்தன, மூன்றும் மினசோட்டா சட்டத்திலும் பழக்கத்திலும் ஏற்கெனவே இருந்தவை.

முதலாவது பணம். வேட்பாளர்களுக்கு அங்கே அரசே தேர்தல் மானியம் தருகிறது. அவருடைய சீர்திருத்தக் கட்சி முந்தைய தேர்தலில் வாங்கிய ஓட்டால் அந்தத் தகுதி கிடைத்திருந்தது. மானியம் தேர்தல் முடிந்த பின்தான் கைக்கு வரும், ஐந்து சதவீத ஓட்டாவது வாங்கியிருக்க வேண்டும். அதை நம்பி யாராவது கடன் கொடுத்தால்தான் விளம்பரம் போடலாம். கடைசி நேரத்தில் உள்ளூர் வங்கி ஒன்று கொடுத்தது. அந்தப் பணத்தில் எடுத்த விளம்பரத்தில் வென்ச்சுரா பொம்மையும் செல்வாக்குக் கும்பலின் ஆள் பொம்மையும் சண்டை போட்டன. மாநிலமே பேசியது. இரண்டாவது மேடை. தொலைக்காட்சி விவாதங்களில் அவருக்கு இடம் கிடைத்தது. அவரையும் சேர்க்கும்படி ஹம்ஃப்ரி தரப்பே வற்புறுத்தியது. கோல்மனின் ஓட்டைத்தான் அவர் பிரிப்பார் என்பது அவர்கள் கணக்கு. மற்ற இருவரும் ஒருவரையொருவர் குதறிக்கொண்டிருக்க, நடுவில் நின்றவர் மனிதர் பேசுவதுபோலப் பேசினார். மூன்றாவது, தேர்தல் நாளன்றே சாவடிக்குப் போய்ப் பெயரைப் பதிவு செய்து ஓட்டுப் போடும் வசதி. அன்று மட்டும் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் அப்படிப் பதிவு செய்தார்கள். அவர்களில் பலர் இளைஞர்கள், எந்தக் கட்சியும் கணக்கில் எடுக்காதவர்கள். வென்ச்சுராவுக்கு 37 சதவீதம், கோல்மனுக்கு 34, ஹம்ஃப்ரிக்கு 28.

அதே 1998ஆம் ஆண்டு மே மாதம்தான், அரசு நடத்தும் தொலைக்காட்சி ஒன்று மக்களிடையே போதிய ஆதரவு இல்லாத வேட்பாளரை விவாதத்துக்கு அழைக்காமல் விடலாம் என்று உச்ச நீதிமன்றம் ஆர்கன்சா வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. ஆதரவு இருந்தால்தான் மேடை, மேடை கிடைத்தால்தான் ஆதரவு. நாற்பது வருடம் பொது வாழ்க்கையில் இருந்தவருக்கு இந்த முடிச்சைப் பழைய பெயர் அவிழ்த்துவிடும். முப்பது வயதுக்காரரிடம் அந்தப் பெயர் இருக்காது. வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் செய்கிற வேலையைச் சுயேச்சைக்கு அவருடைய சொந்தப் பெயர் செய்ய வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு பெயர் சேர இருபது வருடம் பிடிக்கிறது. ஏழு பேர் பட்டியலை மறுபடி பார்த்தால் இது புரியும். ஹிக்கல் முன்பே அலாஸ்காவின் ஆளுநராகவும் நிக்சனின் உள்துறைச் செயலராகவும் இருந்தவர். வைக்கர் மூன்று முறை செனட்டர். சாஃபியும் செனட்டர், அவர் தந்தை ஆளுநராகவும் செனட்டராகவும் இருந்தவர். கிங் பொதுத் தொலைக்காட்சியில் வருடக் கணக்காக முகம் காட்டியவர், எரிசக்தித் தொழிலில் சம்பாதித்தவர். கட்சிக்குள் இருந்தோ, தொலைக்காட்சியில் இருந்தோ, தொழிலில் இருந்தோ சேர்த்த முதலைக் கொண்டுவந்து சுயேச்சையாகச் செலவழித்தவர்கள்தான் அதிகம்.

அந்த முதல் இல்லாமல் இளம் வயதில் நின்றவருக்கு என்ன ஆகும்? இதற்குச் சிறந்த சான்று இன்று உலகம் முழுவதும் தெரிந்த ஒரு கிழவர். 1971இல் வெர்மான்ட்டின் காடர்ட் கல்லூரியில் லிபர்ட்டி யூனியன் என்ற சிறு கட்சியின் கூட்டம். செனட் இடைத்தேர்தலுக்கு வேட்பாளர் வேண்டும் என்றார்கள். கையைத் தூக்கியவர் பெர்னி சாண்டர்ஸ், வயது 30. அந்த இடைத்தேர்தலில் இரண்டு சதவீதம் கிடைத்தது. 1972 நவம்பரில் ஆளுநர் பதவிக்கு நின்றார், ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். 1976இல் மீண்டும் ஆளுநர் தேர்தல், ஆறு சதவீதம். அடுத்த ஆண்டு அந்தக் கட்சியை விட்டே விலகினார்.

1981இல் அவர் ஆளுநர் நாற்காலியைப் பார்க்கவில்லை. பர்லிங்டன் நகரத்தின் மேயர் பதவிக்குச் சுயேச்சையாக நின்றார், பத்தே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பனி அள்ளுவது, ஏரிக்கரையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது, வாடகை வீடுகள் என்று ஒரு சின்ன நகரத்தின் அன்றாடக் கவலைகளில் பெயரெடுத்தார். அந்தப் பெயரோடு 1986இல், 45 வயதில், மூன்றாம் முறையாக ஆளுநருக்கு நின்றபோது 14 சதவீதம். அப்போதும் தோல்விதான். ஜனநாயகக் கட்சியின் மேடலின் கூனின் 47 சதவீதத்தோடு முந்தினார், குடியரசுக் கட்சியின் பீட்டர் ஸ்மித் 38. வெர்மான்ட் விதிப்படி யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் சட்டமன்றம் ஓட்டெடுத்து ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும். சட்டமன்றம் கூனினைத் தேர்ந்தெடுத்தது. சட்டமன்றத்தில் ஆளில்லாத சுயேச்சைக்கு இந்த விதி இன்னொரு பூட்டு. சாண்டர்ஸ் 1988இல் நாடாளுமன்றத்துக்கு நின்று அதே ஸ்மித்திடம் தோற்று, 1990இல் அதே ஸ்மித்தைத் தோற்கடித்தார். அமெரிக்காவில் மிக நீண்ட காலம் சுயேச்சையாக நாடாளுமன்றத்தில் இருப்பவர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது, ஆளுநர் நாற்காலி மட்டும் கிடைக்கவில்லை.

ஓட்டைப் பிரிக்கிறார் என்ற குற்றச்சாட்டைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. மெய்னில் 2010இல் சுயேச்சை எலியட் கட்லர் பத்தாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் குடியரசுக் கட்சியின் பால் லபாஜிடம் தோற்றார். லபாஜ் 38 சதவீதத்தைத் தொடாமல் ஆளுநரானார். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் 19 சதவீதத்தோடு மூன்றாமிடம். நியாயமாகப் பார்த்தால் அன்று ஓட்டைப் பிரித்தது கட்சிக்காரர்தான். ஆனால் பழி எப்போதும் சுயேச்சை மேல்தான் விழும். 2014இல் கட்லர் மீண்டும் நின்றபோது, வாக்காளர்கள் மனத்தில் அந்தப் பயம் ஊறியிருந்தது. தேர்தலுக்குச் சில நாள் முன்பு, நான் ஜெயிக்க மாட்டேன் என்று நினைப்பவர்கள் வேறு யாருக்காவது போடுங்கள் என்று அவரே சொல்ல நேர்ந்தது. அவரை ஆதரித்த ஆங்கஸ் கிங்கும் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பக்கம் போனார். கட்லருக்கு எட்டு சதவீதம் மிஞ்சியது. ஆரெகனில் 2022இல் பெட்சி ஜான்சனுக்கும் அதே சரிவு. இருபது வருடம் சட்டமன்ற அனுபவம், நைக்கி நிறுவனர் ஃபில் நைட் கொடுத்த 37.5 லட்சம் டாலர், எல்லாம் இருந்தும் ஒன்பது சதவீதத்தைத் தொடவில்லை. நைட்டே கடைசியில் குடியரசுக் கட்சி வேட்பாளருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கினார். ஜான்சனுக்கே இந்தக் கதி என்றால் முகம் தெரியாத இளைஞருக்கு என்ன கதி என்று விளக்க வேண்டியதில்லை.

ஓட்டுப் பிரியும் என்ற இந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் மெய்ன் வாக்காளர்கள் 2016இல் தரவரிசை வாக்குமுறையைக் கொண்டுவந்தார்கள். வேட்பாளர்களை முதல், இரண்டாம், மூன்றாம் விருப்பமாக வரிசைப்படுத்தினால், கடைசியில் வருபவர் நீக்கப்பட்டு அவருடைய ஓட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். சுயேச்சைக்கு முதல் ஓட்டைப் போட்டால் வீணாகிவிடுமோ என்ற பயம் தேவைப்படாது. எந்த நோய்க்காக மருந்து வாங்கினார்களோ அந்த நோய்க்கு அதைக் கொடுக்க முடியாமல் போனதுதான் விசித்திரம். அதிக ஓட்டு வாங்கியவரே ஆளுநர் என்கிற மாநில அரசியல் சாசனத்தோடு இது முரண்படும் என்று 2017இல் மெய்ன் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. ஆகவே நவம்பரில் நடக்கும் ஆளுநர் தேர்தலுக்கு அந்த முறை பொருந்துவதில்லை.

ஜெயித்த பின் வரும் தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சட்டமன்றத்தில் ஆளில்லாத லாங்லி நூற்றுக்கும் மேற்பட்ட மசோதாக்களைத் தடுத்து ஒரே பதவிக்காலத்தோடு, சொன்னபடியே, வீட்டுக்குப் போனார். வைக்கர் 1991இல் கனெக்டிகட்டில் வருமான வரியைக் கொண்டுவந்தார். தலைநகர் ஹார்ட்ஃபர்டில் பல்லாயிரம் பேர் திரண்டு அவரைத் திட்டினார்கள், அவர் மறுபடி நிற்கவில்லை. கட்சி இருந்திருந்தால் அந்தத் துணிச்சல் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். சாஃபி பதவியில் இருக்கும்போதே ஜனநாயகக் கட்சியில் சேர்ந்துவிட்டார். வாக்கர், ஜனநாயகக் கட்சி வேட்பாளராக இருந்த பைரன் மாலட்டைத் துணை ஆளுநராகச் சேர்த்துக்கொண்டுதான் ஜெயித்தார். 2018 அக்டோபரில் மாலட் பதவி விலகியதும் மூன்று நாளில் போட்டியிலிருந்தே ஒதுங்கினார். கிங் மட்டும் 1998இல் பெரும்பான்மை ஓட்டோடு திரும்பி வந்தார்.

காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகளில் தங்களைச் சுயேச்சை என்று சொல்லிக்கொள்ளும் அமெரிக்கர்கள் சில ஆண்டுகளாக நாற்பது சதவீதத்துக்கும் மேல். இளைஞர்களிடையே இந்தப் போக்கு இன்னும் அழுத்தமானது. அவர்களில் பெரும்பாலோர் தேர்தல் நாளில் ஏதாவது ஒரு கட்சிப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் வாக்காளரில் இத்தனை பேர் கட்சி வேண்டாம் என்று சொல்லும் நாட்டில், அவர்களுடைய வயதில் ஒருவர்கூட அந்த வழியில் வரமுடியவில்லை என்பது அமைப்பின் கோளாறே தவிர, நிற்பவர்களின் கோளாறு இல்லை. மெய்னில் 3,200 பேரிடம் தலைக்கு ஐந்து டாலர் வாங்கிக் காட்டினால் அரசு நிதி தரும் தூய தேர்தல் சட்டம் இருக்கிறது. காசில்லாத இளைஞருக்கு ஏற்ற சட்டம் அது. மினசோட்டாவின் விவாத மேடையும் தேர்தல் நாள் பதிவும் அதோடு சேர்ந்தால்தான் பயன். மிச்சிகனில் ஒரே கோட்டில் கட்சிக்கு மொத்தமாக ஓட்டுப் போடும் வசதி இருக்கிறது, சுயேச்சைக்கு அதைவிடப் பாதகம் வேறில்லை. அங்கே நீதிமன்றம் தலையிட்டுக் கையெழுத்து எண்ணிக்கையை 30,000இலிருந்து 12,000ஆகக் குறைத்தது. குறைந்த வாசலைப் பயன்படுத்த முன்வந்தவர் அப்போதைய டெட்ராய்ட் மேயர் மைக் டுகன். நெடுங்காலம் ஜனநாயகக் கட்சியில் இருந்த அவர் சுயேச்சையாக நிற்கப்போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தபோது அவருக்கு வயது 66.

முப்பதுகளில் ஒரு சுயேச்சை ஆளுநர் எங்கே முதலில் வருவார் என்று கேட்டால் நான் அலாஸ்கா என்பேன். அங்கே 30 வயதும் ஏழு ஆண்டுக் குடியிருப்பும் போதும். வாக்காளரில் பாதிக்கும் மேற்பட்டோர் எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள். 2022 முதல் கட்சிக்காரர், சுயேச்சை எல்லோரும் ஒரே முதற்சுற்றுத் தேர்தலில் நிற்கிறார்கள். முதல் நாலு இடம் பிடிப்பவர்கள் நவம்பருக்குப் போகிறார்கள், நவம்பரில் ஆளுநர் தேர்தலுக்கும் தரவரிசை முறை உண்டு. கையெழுத்து வேட்டை கிடையாது, கட்டணம் 100 டாலர். இந்த முறையை ஒழித்துவிட வேண்டும் என்று 2024இல் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் அது தோற்றது.